ஹாரனுக்குத் தனி ஸ்விட்ச் வேண்டாம்

காரில் ஹாரன் ஒலிக்கவில்லை. அதே நேரத்தில் க்ரூஸ் கன்ட்ரோலும் பிடிக்க மறுக்கிறது. இப்படி இரண்டும் சேர்ந்து படுத்துவிட்ட வண்டியை நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் எந்த எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனாலும், பெரும்பாலும் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான். டேஷ்போர்டில் ஒரு ஓட்டை போட்டு, காலிங் பெல் ஸ்விட்ச் மாதிரி ஒன்றைப் பொருத்தி, ஹாரனுக்குத் தனி ஒயர் இழுத்துவிடுவார்கள். அரை மணி நேர வேலை. க்ரூஸைப் பற்றிக் கேட்டால், "அது நம்ம ரோட்டுக்கு எதுக்குங்க சார், வுட்டுருங்க" என்பார்கள்.

இந்த வைத்தியம் தவறு என்பது என் கருத்து. கொஞ்சம் தவறு அல்ல, உயிருக்கு ஆபத்தான தவறு. காரணத்தைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பதால் இப்போது நாமக்கல் வாசம். ஆனால் கோப்பு எங்கே தேங்கி நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் முப்பத்தைந்து வருட உத்தியோகம். இரண்டு வெவ்வேறு பிரிவின் கோப்புகள் ஒரே நாளில் காணாமல் போனால், இரண்டு பிரிவையும் தனித்தனியாக விசாரிக்க மாட்டோம். அந்த இரண்டும் கடந்துபோகும் மேசை எது என்றுதான் முதலில் பார்ப்போம். காரின் மின்சாரக் கோளாறும் ஏறக்குறைய இதே சங்கதிதான்.

ஹாரன் மட்டும் போய்விட்டால் காரணம் பல இருக்கலாம். ஃபியூஸ் போயிருக்கலாம். ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஃபியூஸ் பெட்டியில் அதே அளவு ரிலே வேறு எதற்காவது இருக்கும், அதைக் கழற்றி இதில் மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் முன் பம்பருக்குப் பின்னால் தொங்கும் ஹாரனுக்குள் தண்ணீர் போய்த் துருப்பிடித்திருக்கலாம். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்துப் பார்த்தால் ஹாரன் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடும். பல நேரம் ஹாரன் நன்றாகவே இருக்கும், அதன் எர்த் ஒயர் பாடியோடு சேரும் இடத்தில்தான் துரு ஏறியிருக்கும்.

க்ரூஸ் மட்டும் போய்விட்டால் பார்க்க வேண்டிய இடம் வேறு. பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கை எரிய வைப்பதும், க்ரூஸை விடுவிப்பதும் அதுதான். அது கெட்டால், டிரைவர் எப்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதாகவோ, பிரேக் நிலவரமே நம்பத் தகுந்ததாக இல்லையென்றோ கணினி நினைத்துக்கொள்ளும், க்ரூஸைத் தராது. கியர் வண்டியாக இருந்தால் கிளட்சுக்கும் இதுபோல ஒன்று உண்டு. ஆகவே க்ரூஸ் வேலை செய்யவில்லை என்றால் முதலில் வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக் விளக்கு எரிகிறதா, காலை எடுத்தால் அணைகிறதா என்று பாருங்கள். செலவில்லாத சோதனை. க்ரூஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிரேக் விளக்கு எரியாத காரை இரவில் நான்குவழிச் சாலையில் ஓட்டக் கூடாது அல்லவா?

ஆனால் இரண்டும் ஒன்றாகப் போனால்? ஹாரனின் ஃபியூஸ் வேறு, க்ரூஸின் வழி வேறு. இரண்டுக்கும் பொதுவான மேசை ஸ்டியரிங் சக்கரம். இரண்டின் பொத்தானும் அதில்தான் இருக்கின்றன. (சில வண்டிகளில் க்ரூஸ் பொத்தான் சக்கரத்தில் இல்லாமல் பக்கத்தில் தனிக் குச்சியாக இருக்கும். அந்த வண்டிக்காரர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.) சக்கரம் சுழலும், அதற்குக் கீழே உள்ள தண்டின் உறை சுழலாது. சுழலும் பொருளுக்கும் சுழலாத பொருளுக்கும் இடையே ஒயரை எப்படிக் கொண்டுபோவது? நேராகக் கட்டினால் இரண்டு வளைவு திரும்புவதற்குள் முறுக்கி அறுந்துபோகும்.

அதற்காகத்தான் ஒரு தட்டையான வட்டப் பெட்டி. அதனுள் நாடா போன்ற மெல்லிய கேபிள் பல சுற்றுச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினால் நாடா இறுகும், வலப்பக்கம் திருப்பினால் தளரும், அல்லது வண்டியைப் பொறுத்து மாறி நடக்கும். அறுவதில்லை. பழைய சுவர்க் கடிகாரத்தின் சாவிச் சுருள் போல இருப்பதால் ஆங்கிலத்தில் கிளாக் ஸ்பிரிங் என்று பெயர் வைத்தார்கள். கடைக்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். சிலர் ஸ்பைரல் கேபிள் என்பார்கள். நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பதால் பிரெஞ்சுக்காரன் இதை என்ன சொல்கிறான் என்று தேடிப் பார்த்தேன். 'கோன்தாக்தர் தூர்னான்' என்கிறான். சுழலும் இணைப்பு என்று அர்த்தம். ஆங்கிலப் பெயர் அது எப்படி இருக்கிறது என்று சொல்கிறது, பிரெஞ்சுப் பெயர் அது என்ன செய்கிறது என்று சொல்கிறது. என் ஓட்டு இரண்டாவதுக்கு. ஸ்பிரிங் என்றதும் நம் ஆட்கள், "ஸ்பிரிங்தானே, இழுத்துவிட்டாப் போச்சு" என்று நினைத்துவிடுகிறார்கள்.

(பெயர் என்றதும் இன்னொன்று. எங்கள் வீட்டில் சிறுவயதில் ஹாரன் என்ற சொல்லே கிடையாது, கிளாக்ஸோன்தான். அது பிரெஞ்சுச் சொல் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தோம். உண்மையில் அது 1908 வாக்கில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு மின்சார ஹாரனின் வியாபாரப் பெயர். கிரேக்கத்தில் கிறீச்சிடுதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து எடுத்தார்களாம். நாமக்கல் பைபாஸில் ஏர் ஹாரன் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சுருள் நாடா வழியாகப் போவது ஹாரனும் க்ரூஸும் பாட்டுப் பெட்டியின் பொத்தானும் மட்டும் அல்ல. சக்கரத்தின் நடுவில், ஹாரன் அமுக்கும் அதே மூடிக்குள், டிரைவரின் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வண்டி மோதியதும் கணினியிலிருந்து அதற்குப் போக வேண்டிய உத்தரவும் இந்த நாடாவைத் தாண்டித்தான் போக வேண்டும். நாடா அறுந்தால் ஹாரன் ஒலிக்காது, நமக்குத் தெரியும். க்ரூஸ் பிடிக்காது, அதுவும் தெரியும். ஏர்பேக் விரியாது என்பது மட்டும் மோதுகிற நாள் வரைக்கும் தெரியாது. தெரியப்படுத்த ஒரே ஒரு சாட்சி, மீட்டர் பலகையில் எரியும் சிவப்பு விளக்கு. உட்கார்ந்திருக்கும் மனிதனும் அவன் முன்னால் ஒரு பந்தும் போட்ட படம், அல்லது எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்து.

தனி ஸ்விட்ச் வைத்தியம் என்ன செய்கிறது? மூன்று நோயில் நாம் கவனிக்கும் ஒன்றுக்கு மட்டும் மாற்று வழி செய்துகொடுத்து நம்மைத் திருப்தியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஹாரன் ஒலிக்கிறது, போதும் என்று வருடக்கணக்கில் ஓட்டுகிறோம். சிவப்பு விளக்கு கண்ணை உறுத்தினால் அதற்கும் ஒரு கறுப்பு டேப் ஒட்டிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டு வண்டியில் நடந்ததையே சொல்கிறேன். போன வருடம் சாலைப் பள்ளத்தில் இறங்கி முன்பக்கம் சத்தம் வந்தது. ஒரு பட்டறையில் ஸ்டியரிங் ராக்கைக் கழற்றி மாட்டினார்கள். சத்தம் நின்றது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, புதுச்சத்திரம் தாண்டி வரும்போது ஹாரன் விட்டுவிட்டு ஒலித்தது. சக்கரத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பினால் ஒலிக்கும், நேராக வைத்தால் ஒலிக்காது. க்ரூஸ் பிடித்த மாத்திரத்தில் விலகியது. இரண்டு நாளில் இரண்டும் முழுதாகப் போய், சிவப்பு விளக்கும் வந்துவிட்டது. ஸ்டியரிங் கோணத்துக்குத் தகுந்தபடி ஹாரன் ஒலிப்பது, இல்லாமல் போவது என்பது அறுந்துகொண்டிருக்கும் நாடாவின் முதல் அடையாளம். ராக்கைக் கழற்றும்போது ஸ்டியரிங் சக்கரத்தைக் கட்டி வைக்காமல் விட்டால் அது இஷ்டத்துக்குச் சுற்றும். மறுபடி மாட்டும்போது சுருள் நடுவில் இல்லாமல் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ தள்ளி நிற்கும். பிறகு ஒரு யூ-டர்ன் போதும், நாடா இழுபட்டு அறுந்துவிடும்.

பட்டறைக்காரர், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார். எலக்ட்ரீஷியன் தம்பி வழக்கமான ஸ்விட்சைக் கையில் எடுத்தார். நான் வேண்டாம் என்றதும், "ஐயா, நாமக்கல்ல ஹாரன் இல்லாம எப்படிங்க வண்டி ஓட்டுவீங்க?" என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஊரில் பாதி வண்டியின் முதுகில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருக்கிறது. லாரிக்குப் பாடி கட்டும் ஊர், டேங்கர் லாரி ஊர், பக்கத்தில் திருச்செங்கோடு ரிக் வண்டி ஊர். சட்டமும் ஹாரன் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. தேவையில்லாமல் அடித்தால் முதல் தடவை ஆயிரம் ரூபாய், அடுத்த தடவை இரண்டாயிரம் அபராதம் என்று 2019 திருத்தத்தில் சேர்த்ததும் அதே சட்டம்தான், அது வேறு கதை.

எலக்ட்ரீஷியன்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பழக்கம் அம்பாசிடர் காலத்தில் வந்தது. அப்போது ஸ்டியரிங் சக்கரத்தில் ஹாரன் ஒன்றுதான் உண்டு, அதற்குப் போவது ஒரே ஒயர். அந்த ஒயர் தேய்ந்து அறுந்தால் டேஷ்போர்டில் ஸ்விட்ச் வைப்பது நேர்மையான ரிப்பேர், குறை ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் அலுவலக வண்டியிலும் அப்படி ஒரு பித்தளை ஸ்விட்ச் பல வருடம் இருந்தது. லாரியிலும் அதுவே வழக்கம். சக்கரம் மாறிவிட்டது, வைத்தியம் மாறவில்லை. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் காருக்கும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளிலும் பலவற்றில் உண்டு. அப்படியானால் இனி ஹாரன் ஒயரைத் தேடி ஸ்டியரிங் மூடியில் ஸ்குரூ டிரைவரை வைப்பவர் வெடிமருந்துக்குப் பக்கத்தில் கை வைக்கிறார். நான் மிகைப்படுத்தவில்லை. ஏர்பேக்கை விரிய வைப்பது ஒரு சிறு வெடிமருந்து வில்லைதான்.

இந்த நாடாக் கோளாறு ஏதோ அபூர்வம் என்றும் நினைக்க வேண்டாம். 2014 ஏப்ரலில் டொயோட்டா நிறுவனம் உலகம் முழுவதும் பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதில் ஒரு காரணம் இதே ஸ்பைரல் கேபிள். இந்தியாவில் 2005 முதல் 2008 வரை தயாரான இன்னோவா வண்டிகள் ஏறத்தாழ 45,000 அந்த அழைப்பில் இருந்தன. நம் கொங்குச் சீமையில் இன்னோவா எத்தனை வீட்டு வாசலில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப அந்த இணைப்பு சேதமாகி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, டிரைவர் ஏர்பேக் செயலிழக்கலாம் என்பதே காரணம். 2016-ல் ஜீப் ராங்ளர் வண்டிகளை, 2007 முதல் 2010 வரையிலான மாடல்களை, அழைத்தார்கள். அதில் காரணம் தூசி. மண் சாலையில் ஓடிய வண்டிகளில் புழுதி இந்தப் பெட்டிக்குள் புகுந்து நாடாவைத் தேய்த்துவிட்டது. கல்குவாரி லாரிக்குப் பின்னால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறவர்கள், சேலத்து மாக்னசைட் வெள்ளைப் புழுதியைப் பார்த்தவர்கள், இதை அமெரிக்கச் செய்தி என்று ஒதுக்க முடியாது.

திரும்ப அழைப்பு வந்த வண்டிக்கு இந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள். தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் எண் இருக்கிறது. பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். காசு கொடுத்து எலக்ட்ரீஷியனிடம் ஸ்விட்ச் போடும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

க்ரூஸ் கன்ட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நம்ம ரோட்டுக்கு எதுக்கு" என்பதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. சேலத்திலிருந்து நாமக்கல் வர 44-ம் எண் சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவே மல்லூர், ராசிபுரம் பிரிவு, புதுச்சத்திரம் என்று எங்காவது ஒருவர் எதிர்த்திசையில் டூ வீலரில் வருவார், ஆட்டு மந்தை குறுக்கே போகும். மழையில் அதைப் போடவே கூடாது. ஆனால் முழங்கால் தேய்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு, அதிகாலையில் காலியான சாலையில், வலது காலுக்குப் பத்து நிமிட ஓய்வு பெரிய உபகாரம்.

அதைக் கண்டுபிடித்தவர் கண் தெரியாதவர் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர், 1890-ல் பிறந்தவர். ஐந்து வயதில் விபத்தில் பார்வை போய்விட்டது. பிறகு எஞ்சினியரானார். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது பேசினால் வேகம் குறையுமாம், பேச்சைக் கேட்கும்போது கூடுமாம். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி எரிச்சல்பட்டவர் வேகத்தை ஒரே சீராக வைக்க ஒரு கருவி செய்தார். காப்புரிமை 1950-ல் கிடைத்தது, 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. சாலையைப் பார்க்காமல், உடம்பு உணர்ந்ததை மட்டும் வைத்துக் குறையைக் கண்டுபிடித்த மனிதர். நாம் கண்ணெதிரே எரியும் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் ஓட்டுகிறோம்.

சரி, நாடாதான் கெட்டிருக்கிறது என்று முடிவான பின், மாற்றும் இடத்தில் நின்று கவனிக்க வேண்டியவை சில. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் கை வைக்கக் கூடாது, ஏர்பேக் கணினியில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், காசை நீங்களே கொடுங்கள். மஞ்சள் நிற கனெக்டர் என்றால் ஏர்பேக் ஒயர் என்று பொருள். அதில் டெஸ்ட் லாம்பையோ மல்டிமீட்டரையோ வைக்க விடாதீர்கள், அந்தச் சிறு மின்சாரமே அதை விரிய வைக்கக்கூடும். முன்சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். புதுச் சுருளை அதன் குறியைப் பார்த்து நடுவில் வைத்துத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதுசும் இரண்டாவது வாரத்தில் அறுந்துவிடும். பழைய வண்டியில் கழற்றிய சுருளை மலிவாகத் தருகிறேன் என்பார்கள். புதிதன் விலை ஆயிரங்களில் வரும் என்பது உண்மைதான். இருந்தாலும் இந்த ஒரு பாகத்தைப் பழசாக வாங்காதீர்கள். எங்கள் வண்டிக்குச் சேலத்திலிருந்து புதிது வரவழைத்துப் போட்டோம். ஹாரன், க்ரூஸ் இரண்டும் வந்தன, விளக்கு அணைந்தது. பட்டறைக்காரர் இன்னும் சம்பந்தமில்லை என்றுதான் சொல்கிறார்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பழைய கார் சந்தை. டேஷ்போர்டில் தனி ஹாரன் ஸ்விட்ச் இருக்கும் வண்டி கைமாறும்போது வாங்குகிறவர் அதை ஒரு வசதி என்று நினைக்கிறார். சிவப்பு விளக்கோ எரிவதே இல்லை. சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள், சிலர் ஆயில் விளக்கின் ஒயரோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். கண்டுபிடிக்க வழி எளிது. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி வையுங்கள். ஏர்பேக் விளக்கு எரிய வேண்டும், சில விநாடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகம். என்ஜின் ஸ்டார்ட் ஆகும்வரை அணையாமல் நின்று, ஸ்டார்ட் ஆனதும் ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தால் பெரிய சந்தேகம்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி சேலத்தில் ஒரு கார் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். பளபளவென்று இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். சாவியைத் திருப்பினோம், எல்லா விளக்கும் வந்தது, அது மட்டும் வரவில்லை. விற்கிறவரைக் கேட்டால், "அந்த லைட்டு இந்த மாடல்ல கிடையாதுங்க அண்ணா" என்றார். ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. தம்பி என்னைப் பார்த்தார், நான் தம்பியைப் பார்த்தேன். ஐந்து ரோட்டில் காபி குடித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டோம்.